உன் நடையை இங்கே பார்த்தேன்

மார்ச் 11

கோபக்காரத் தம்பிக்கு அக்கா எழுதுறது.

நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். போன் பண்ணினா நீ எடுக்க மாட்டேங்கிற. உன் பெண்டாட்டி எடுத்து, "பக்கத்துலதான் இருக்கார், சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கார்"னு சொல்றா. சுவரோட குடித்தனம் பண்றவனுக்குக் கடிதாசிதான் சரி. காதைப் பொத்திக்கலாம், வாசல்ல வந்து விழுற காகிதத்தை என்ன பண்ணுவ? எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். அஞ்சாங்கிளாஸோட நின்னவகிட்ட வேற என்ன எதிர்பார்க்கிற.

எனக்குக் கொடுத்திருக்கிற அறை மேல் மாடியில. ரெண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழ சுடுதண்ணி ஓடுற இரும்புக் குழாய். அதுல முதுகைச் சாய்ச்சா பூனைக்கு வர்ற மாதிரி தூக்கம் வருது. கூட இருக்கிறவ வேற ஏதோ தேசத்துக்காரி. உயரம்னா உயரம், கட்டிலுக்கு வெளியில காலை நீட்டிக்கிட்டுத்தான் படுக்கிறா. நெட்டைச்சின்னு பேர் வச்சிருக்கேன். அவ எனக்கு என்ன பேர் வச்சிருக்காளோ. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. அதனால இதுவரைக்கும் சண்டை வரல.

வகுப்புல எல்லாம் சின்னஞ்சிறுசுங்க. முதல் நாள் நான் உள்ள நுழைஞ்சதும் டீச்சர்னு நினைச்சு எல்லாம் எழுந்து நின்னுச்சு. நானும் விடலை. உக்காருங்கன்னு கையைக் காட்டிட்டு, நேரா போய்க் கடைசி பெஞ்சுல உக்கார்ந்துட்டேன். நிஜ வாத்தியார் அப்புறமா வந்தார். கோட்டு பூரா பிளாஸ்டர் தூசி. பேச்சு குறைச்சல், எல்லாம் கையாலயே சொல்லிக்கொடுக்கிறார். ஆஸ்பத்திரிப் பட்டறையில பிளாஸ்டர் கரைச்சுக்கிட்டுத் தரையைக் கூட்டிக்கிட்டு இருந்த எனக்கு, இப்போ ஒரு செயற்கைக் காலை அடியிலேர்ந்து முடி வரைக்கும் செய்யக் கத்துக்கொடுக்கப் போறாங்களாம். நம்ம பட்டறையிலேர்ந்து ஒருத்தரை அனுப்பணும்னு சொன்னப்போ, குளிர் ஊர்னு மத்தவங்க எல்லாம் பின்வாங்க, நான் சும்மா விளையாட்டுக்குத்தான் கையைத் தூக்கினேன். யாரும் சிரிக்கல. அப்போதான் பயம் வந்தது.

டாக்டர் சொன்னதை மட்டும் மறந்துடாத. மழைக்காலம் வர்றதுக்குள்ள நீ எழுந்து நடக்க ஆரம்பிக்கணும். இல்லன்னா தொடைச் சதை சுருங்கி, முழங்கால் மடங்கினபடியே நின்னுடும். அப்புறம் எந்தக் காலை மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல. ஆஸ்பத்திரியில கொடுத்த கால் பரண்ல தூசி தின்னுக்கிட்டு இருக்கு. அதை இறக்கு.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம்.

உன் ஆஸ்பத்திரிப் பட்டறை மேஸ்திரி வீட்டுக்கு வந்திருந்தார். "உங்க அக்கா உனக்காகக் கடல் தாண்டிப் போயிருக்குப்பா, இந்த வயசுல" என்று கண் கலங்கினார். நான் கேட்டேனா? என்னைக் கேட்டா போனாய்? ஊர் சுற்றிப் பார்க்க ஆசை என்றால் போய்ச் சுற்று. அதற்கு என் காலை எதற்கு இழுக்கிறாய், அதுவும் இல்லாத காலை.

பரணில் இருப்பது பரணிலேயே இருக்கட்டும். அதை மாட்டிக்கொண்டு லாரி ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க விழுந்தவன் நான். நான் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவனே என் அக்குளில் கை கொடுத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினான். "பழகிடும் அண்ணே" என்றான். டாக்டரும் அதைத்தான் சொல்கிறார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறீர்கள். வலிக்கிறது என்று சொன்னால் பழகிடும் என்பது ஒரு பதிலா?

இனிமேல் என் கால் பற்றி எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

ஏப்ரல் 4

என் ராசாவுக்கு,

உன் கடிதாசி கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருந்தது. அனைவரும் நலம்னு ஆரம்பிச்சு ஆளை அடிச்சிருக்க. சரி, உன் காலைப் பத்தி எழுதல. என் காலைப் பத்தி எழுதலாம்ல?

இங்க வசந்தம் வந்துடுச்சு. முந்தின வாரம் வரைக்கும் ரோட்டோரத்துல பனி மிச்சம் இருந்தது, யாரோ துவைச்சுட்டு சோப்பு நுரையை ஓரமா தள்ளிவிட்டுப் போன மாதிரி. ஒரு நாள் காலையில பார்த்தா காணோம். மரத்துல எல்லாம் பூ. இலையே வரல, அதுக்குள்ள பூ. சட்டை போடுறதுக்கு முன்னாடி நகை போட்டுக்கிட்ட மாதிரி நிக்குதுங்க. காத்தடிச்சா நடந்து போறவங்க தலையெல்லாம் பூவிதழ். வழுக்கைத் தலை பெரியவர் ஒருத்தர் தலையில ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்தது. அவர் பாட்டுக்கு ரொம்ப சீரியஸா பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார்.

வாத்தியார் கொடுக்கிற வீட்டுப்பாடத்தைக் கேட்டா நீ சிரிப்ப. வெளியில போகணும். பார்க், கடைத்தெரு, ஏரிக்கரைன்னு எங்கயாவது உக்கார்ந்து மனுஷங்க நடக்கிறதைப் பார்க்கணும். எழுதக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது. மறுநாள் வகுப்புல வந்து அதே மாதிரி நடந்து காட்டணும். மத்தவங்க அதைப் பார்த்து, எந்த இடுப்பு ஏறுது, எந்த முழங்கால் வலிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். நடையைப் படிக்கத் தெரிஞ்சாத்தான் கால் செய்ய முடியுமாம்.

முதல் நாள் பார்க்குல ஒரு குண்டு மனுஷர், குட்டி நாயைப் பிடிச்சுக்கிட்டுப் போனார். வயித்தை முன்னால அனுப்பிட்டு அவர் பின்னால போற மாதிரி ஒரு நடை. ஆசையா இருந்ததால அவர் பின்னாலயே அதே மாதிரி நடந்து பழகினேன். எனக்குப் பின்னால நெட்டைச்சி. அவளுக்குப் பின்னால வகுப்புப் பசங்க. நாயி திரும்பிப் பார்த்துக் குலைச்சது, அவர் திரும்பினார், பார்த்தா ஒரு ஊர்வலமே வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. காவல்காரர் விசில் ஊதிக்கிட்டு வந்து என்னைத்தான் பிடிச்சார். வயசுல பெரியவ நான்தானே. பள்ளிக்கூட அட்டையைக் காட்டினேன். படிச்சுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் அவரே கொஞ்ச தூரம் நடந்து காட்டிட்டு, தன் முதுகைத் தொட்டு, என்ன கோளாறுன்னு கேட்டார்.

அதுக்கப்புறம் ஏரியில படகு. துடுப்பு போடத் தெரியும்னு பெருமையா ஏறினேன். நடு ஏரியில வெயில் இதமா முதுகுல விழுந்தது. தண்ணியில வானம் கிடந்தது, அது மேல பூவிதழ் மிதந்தது. மேகத்து மேல போறேனா தண்ணி மேல போறேனான்னு தெரியல. கண்ணைத் திறந்தப்போ நாணல் புதருக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்கேன், சுத்தி வாத்துங்க பஞ்சாயத்து பேசுதுங்க. படகுக்காரன் கரையிலேர்ந்து ஒலிபெருக்கியில கத்துறான். எனக்கு எழுந்திருக்கவே மனசில்ல. உன் நினைப்பு வந்தது. இந்தக் கோபக்காரனை இந்தப் படகுல படுக்க வச்சா என்னன்னு தோணிச்சு. படகுக்குக் கால் எதுக்கு?

சரி, எழுதலைன்னு சொன்னேன்ல. இது படகைப் பத்தி.

அக்கா

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

நான் பிரிக்க மாட்டேன் என்றேன். என் மனைவி பிரித்து, தான் வேலை பார்க்கும் இஸ்திரிக் கடையில் துணி மடித்துக்கொண்டே உரக்கப் படித்திருக்கிறாள். இப்போது தெருவில் உள்ள எல்லோருக்கும் உன் குண்டு மனுஷரைத் தெரியும். தண்ணீர் கேன் போடுகிறவன் வாசலில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டிவிட்டுப் போகிறான். இதற்காகவா உன்னை அனுப்பினார்கள்?

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மின்விசிறி சத்தம் போடுகிறது. எண்ணெய் விட நாற்காலி மேல் ஏற வேண்டும். சொல்லிவிட்டேன், இனி சொல்ல மாட்டேன்.

கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ படகில் தூங்கியபோது ஏதாவது கனவு வந்ததா? எனக்கு வருகிறது. பகலில் கண் அசந்தாலும் வருகிறது. கனவில் ஜாக்கி நழுவவில்லை, சக்கரம் என் காலில் இறங்கவில்லை. செங்கல் ஏற்றிக்கொண்டு போகிறேன், ஏற்றத்தில் கியர் மாற்ற இடது காலால் க்ளட்சை அழுத்துகிறேன். அதன் ஸ்பிரிங் பாதத்தைத் திருப்பித் தள்ளுவது அப்படியே தெரிகிறது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் தெரிகிறது. அந்தக் கொஞ்ச நேரம் யாரும் என்னோடு பேசக்கூடாது. அதனால்தான் சுவரைப் பார்க்கிறேன். என் மனைவியிடம் இதைச் சொல்லாதே, அவள் அழுவாள்.

தம்பி

ஏப்ரல் 28

தம்பிக்கு,

சொல்லல. நீயும் இந்தக் கடிதாசியை அவ கையில கொடுக்காத. இது இஸ்திரிக் கடைக்குப் போற கடிதாசி இல்ல.

படகுல எனக்குக் கனவு எதுவும் வரல. கனவுக்குள்ளதான் இருக்கேன்னு தோணிச்சு. இங்க தினமும் அப்படித்தான் இருக்கு. காலையில ஜன்னலைத் திறந்தா வெளிச்சம் பால் கலந்த மாதிரி உள்ள வருது. தெருவுல யாரோ சைக்கிள்ல போறாங்க, சத்தமே இல்ல. என்ன பேசுறாங்கன்னு புரியாத ஊர்ல இருக்கிறது தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி. வாய் அசையுறது தெரியும், சிரிக்கிறது தெரியும். மத்ததெல்லாம் மிதந்து போகும். அதனாலயோ என்னவோ கண்ணு மட்டும் கூர்மையாயிடுச்சு.

நேத்து வகுப்புல என் முறை. பார்க்குல பார்த்த ஒரு கிழவி நடையை நடந்து காட்டலாம்னுதான் எழுந்தேன். ரெண்டு எட்டு வச்சேன். என் உடம்பு என் பேச்சைக் கேக்கல. தோள் ஒரு மாதிரி இறங்குச்சு, கை ஒரு மாதிரி வீசுச்சு. அறையோட அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். யாரோ என்னைச் சட்டை மாதிரி போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரி இருந்தது.

பசங்க எல்லாம் கையைத் தூக்கிடுச்சு. இடது கால் செயற்கைக் கால், ஒரு விரல்கடை நீளம் அதிகம், அதனாலதான் காலை வெளிப்பக்கமா வீசி எடுத்து வைக்கிறாரு, இதுதான் அவங்க சொன்னது. வாத்தியாரும் ஆமான்னு தலையாட்டினார். அவரே அதைக் கரும்பலகையில படம் போட்டு, இது தப்பு நடை, நீளத்தைக் குறைச்சா சரியாயிடும்னு சொல்லிக்கொடுத்தவர்தான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையை வச்சுச் சொன்னேன். வாத்தியாரே, அந்த ஆளுக்கு ரெண்டு காலும் சொந்தக் கால். அது நீளம் இல்ல, திமிர்.

எல்லாம் சிரிச்சுது. வாத்தியார் மட்டும் சிரிக்காம, எந்த பார்க்குல பார்த்தேன்னு கேட்டார். பார்க்குல இல்ல, என் வீட்டுலன்னேன். இப்போ எப்படி நடக்கிறார்னு கேட்டார். இப்போ நடக்கிறதில்லன்னேன்.  பிளாஸ்டர் கையால என் தோளைத் தட்டிட்டுப் போனார். சட்டையில இன்னும் அந்தக் கை அச்சு இருக்கு.

அக்கா

மே 9

அக்கா,

என்னிடம் கேட்காமல் என் நடையை அந்நிய ஊரில் கொண்டுபோய் காட்டியிருக்கிறாய். அதுவும் திமிர் என்று பெயர் வைத்து.

கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத ஒன்று தோன்றியது. நான் எப்படி நடப்பேன் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் முகம் பார்த்திருக்கிறேன், நடையை யார் பார்க்கிறார்கள்? என் மனைவியைக் கேட்டேன். "எல்லா ஆம்பிளைங்க மாதிரிதான் நடப்பீங்க" என்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி இதுதான் லட்சணம்.

கனவில் லாரி ஓட்டுகிறேன் என்று எழுதினேன் அல்லவா. லாரியிலிருந்து இறங்குகிற இடம் கனவில் வருவதே இல்லை. கதவைத் திறப்பேன், அதோடு முடிந்துவிடும். இறங்கி நடப்பது எப்படி என்று மறந்து போனதால்தானோ என்னவோ.

நான் எப்படி நடப்பேன்? ஒழுங்காக எழுது. கிண்டல் பண்ணாமல்.

தம்பி

மே 20

தம்பிக்கு,

கிண்டல் இல்லாம எழுதுன்னா, உப்பில்லாம சமைன்னு சொல்ற மாதிரி. முயற்சி பண்றேன்.

லாரியை விட்டு இறங்குறப்போ முதல்ல உன் இடது தோள் இறங்கும், அப்புறம்தான் கால் இறங்கும். தரையில ரெண்டு எட்டு வச்சதும் நின்னு, திரும்பி லாரியை ஒரு பார்வை பார்ப்ப, மாட்டைக் கட்டிப்போட்டுட்டுப் போறவன் மாதிரி. அப்புறம் வலது கையை வீசுவ. இடது கை வீசாது, அதுல சாவி இருக்கும். செருப்பு குதிகால்ல தட்டித் தட்டி வரும். தெரு முனை திரும்பினதுமே உன் பெண்டாட்டி அடுப்பைப் பத்த வைப்பா, முகத்தைப் பார்க்க மாட்டா, சத்தம் போதும். எல்லா ஆம்பிளைங்க மாதிரிதான்னு சொன்னாள்ல, அவகிட்ட இதைக் கேளு. இடது காலை எடுத்து வைக்கிறப்போ லேசா வெளிப்பக்கமா ஒரு வீச்சு. ரோடு கொஞ்சம் தள்ளிக்கணும்ங்கிற மாதிரி. அதைத்தான் திமிர்னேன்.

இப்போ நான் பார்த்ததைச் சொல்றேன். பொறுமையா படி.

ஞாயித்துக்கிழமை மதியம் கடைத்தெருவுல நின்னுக்கிட்டு இருந்தேன். வெயிலும் மழையும் ஒண்ணா தூறிட்டு நின்ன நேரம், தரையெல்லாம் மினுமினுன்னு இருந்தது. கூட்டத்துக்கு நடுவுல உன் நடை போச்சு. நீ இல்ல, உன் நடை. தோள் இறங்குறது, வலது கை வீசுறது, காலை வெளிப்பக்கமா எடுத்து வைக்கிறது, எல்லாம். நடந்தது ஒரு பொம்பளை. என்னை விடக் குண்டு, இடது கையில ஒரு வாளி நிறைய பூ. கோவிச்சுக்காத, இருக்கிறதைத்தானே எழுதணும்.

நான் யோசிக்கவே இல்ல. பின்னாலயே போனேன். கடைத்தெரு முடிஞ்சது, பாலம் வந்தது, பாலத்துக்குக் கீழ ரயில் போச்சு, அவ போய்க்கிட்டே இருந்தா. எனக்குத் தெரியாத தெருவெல்லாம் வந்தது. பெயிண்ட் உரிஞ்ச கதவு, மாடியில காயற வெள்ளைத் துணி, ஜன்னல்ல உக்கார்ந்து பட்டாணி உரிக்கிற ஒரு ஆள். எல்லாத்து மேலயும் பூவிதழ் விழுந்துக்கிட்டே இருந்தது. முன்னால நீ போற, பின்னால நான் வர்றேன், சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்குப் போன மாதிரி. கொஞ்சம் நில்லுடான்னு கூப்பிடக்கூட வாய் வரைக்கும் வந்துடுச்சு.

ஊர் முடியிற இடத்துல கண்ணாடி வீடு மாதிரி ஒரு நாத்துப் பண்ணை. அதுக்கு வெளியில ஒரு பெஞ்சு. அவ வாளியை இறக்கிட்டு உக்கார்ந்தா. பாவாடையை முழங்காலுக்கு மேல ஏத்தி, இடது காலைக் கழட்டி, குடையைச் சாய்ச்சு வைக்கிற மாதிரி பக்கத்துல சாய்ச்சு வச்சா. மிச்சக் கால்ல மாட்டியிருந்த துணி உறையை உருவி உதறினா. அப்புறம் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கிட்டா.

தம்பி, நான் கால் செய்யப் படிக்கிறவ. அந்த வெளிப்பக்க வீச்சைப் பார்த்ததும் இது செயற்கைக் கால்னு முதல் எட்டுலயே நான் கண்டுபிடிச்சிருக்கணும். வகுப்புல எல்லாரும் கண்டுபிடிச்சுது. எனக்குத் தெரியல. அவ்வளவு தூரம் பின்னால போயும் தெரியல. எனக்கு அது உன் நடையாத்தான் தெரிஞ்சது.

கண்ணைத் திறந்தவ என்னைப் பார்த்துட்டா. மூச்சு வாங்க, கண்ணுல தண்ணியோட ஒருத்தி எதிர்ல நின்னா யாரா இருந்தாலும் பயப்படுவா. அந்தக் காலை எடுத்துக் கையில தடி மாதிரி பிடிச்சுக்கிட்டா. நான் பள்ளிக்கூட அட்டையைக் காட்டினேன், அவ சிரிச்சுட்டா. திரும்பிப் போக வழி தெரியாம முழிச்சேன். அவதான் என்னைப் பஸ் ஏத்தி விட்டா. பஸ் ஸ்டாப் வரைக்கும் எனக்கு முன்னால நடந்தா.

அக்கா

மே 31

அக்கா,

கடிதத்தை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. பல தடவை படித்தேன்.

அந்தப் பூக்காரிக்குக் கால் போய் எவ்வளவு காலம் ஆகிறது? படி ஏறுவாளா? வாளி கனமாக இருக்குமா, காலியா? மழையில் வழுக்காதா? உட்கார்ந்தால்தான் கழற்றுகிறாளா, நின்றுகொண்டே இருந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? நீ பாட்டுக்கு வெள்ளைத் துணி, பட்டாணி என்று எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டியதை ஒன்றும் கேட்கவில்லை.

அடுப்பு விஷயத்தை என் மனைவியிடம் கேட்டேன். கேட்டதும் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "செருப்புச் சத்தம்தான்" என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

பட்டறை மேஸ்திரி சொன்னார், படிப்பு முடிய அங்கே யாருக்காவது ஒரு கால் செய்து காட்ட வேண்டுமாமே. நீ யாருக்குச் செய்யப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். செய். எனக்கு என்ன? நான் ஒன்றும் கேட்கவில்லையே.

தம்பி

ஜூன் 10

பொறாமைக்காரத் தம்பிக்கு,

ஆமா, அவளுக்குத்தான். நான் அவளைப் பத்திச் சொன்னதும் வாத்தியாரே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ கேட்ட கேள்வியெல்லாம் நெட்டைச்சியை வச்சுக்கிட்டுக் கைஜாடையில கேட்டேன். படி ஏறுவா. இறங்குறதுதான் கஷ்டம். மழையில வழுக்கும். வாளி நிறைஞ்சு இருந்தாத்தான் நல்லது, காலியா இருந்தா உடம்பு ஒரு பக்கம் சாயுதாம். வலிச்சா உக்காருவா, அவ்வளவுதான்.

இங்க பூவெல்லாம் உதிர்ந்து, மரம் பச்சையாயிடுச்சு. போன மாசம் பார்த்த ஊர் இதுதானான்னு இருக்கு. ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் வேலை பண்றோம். அவளோட மிச்சக் கால்ல ஈரப் பிளாஸ்டர் துணியைச் சுத்தி அச்சு எடுத்தேன்.  அச்சுல பிளாஸ்டர் ஊத்தி, இறுகினதும் அரம் போட்டு இழைச்சேன். அது மேல, மிச்சக் கால் உள்ள போய் உக்கார்ற கிண்ணத்தை வார்த்து, செயற்கைக் காலோட சேர்த்தேன். ரொம்ப அழகா வந்தது, நானே தடவித் தடவிப் பார்த்தேன். அவ மாட்டிக்கிட்டு ரெண்டு எட்டு வச்சா. கத்தினா பாரு, ஜன்னல் மேல இருந்த புறாவெல்லாம் பறந்துடுச்சு.

முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா ஒரு எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும். அந்த இடத்துல கிண்ணம் தொடவே கூடாது. நான் அழகு பார்த்து வழவழன்னு இழைச்சதுல அங்க இடம் விடல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, பழகிடும்னு சொன்னேன். இங்க வந்து கத்துக்கிட்ட நாலு வார்த்தையில அதுவும் ஒண்ணு. வாத்தியார் முதல்முறையா குரலை உயர்த்தினார். காலைக் கழட்டி என் மடியில போட்டுட்டு, எங்க வலிக்குதுன்னு அவகிட்ட கேளுன்னார்.

ரொம்ப நேரம் அந்தக் காலை மடியில வச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தேன். நாம யாருமே உன்கிட்ட அதைக் கேக்கல இல்ல? இப்போ கேக்கிறேன். உனக்கு எங்க வலிச்சது? அந்த வெளிப்பக்க எலும்புலதானே? யோசிச்சு எழுது.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். உனக்காகத்தான் இங்க வந்தேன்னு மேஸ்திரி சொன்னது பாதிதான் நிஜம். எனக்கு இது பிடிச்சிருக்குடா. பிளாஸ்டர் ஈரம், அரம் சத்தம், பார்க்குல உக்கார்ந்து மனுஷங்க நடக்கிறதைப் பார்க்கிறது, எல்லாம். நீ எழுந்து நடந்தாலும் சரி, சுவரைப் பார்த்தாலும் சரி, நான் இந்த வேலையைத்தான் பண்ணப் போறேன். அதனால என் மேல இரக்கப்பட்டு நடக்க வேண்டாம்.

மாசக் கடைசியில கிளம்பிடுவேன்.

அக்கா

ஜூன் 22

அக்கா,

இந்தக் கடிதம் நீ கிளம்புறதுக்குள்ள கிடைக்குமான்னு தெரியல. கிடைக்கலைன்னா நேர்லயே சொல்லிக்கிறேன், ஆனா நேர்ல சொல்ல வாய் வராது.

எங்க வலிக்குதுன்னு கேட்டிருந்த. உக்கார்ந்து யோசிச்சேன். வலி ஞாபகம் இருக்கு, இடம் ஞாபகம் இல்ல. அது எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதனால பரண்ல இருந்ததை என் பெண்டாட்டியை இறக்கித் தரச் சொன்னேன். அவ நாற்காலி மேல ஏறி இறக்கினா. தூசியைத் தட்டி, ஈரத்துணியால துடைச்சுக் கொடுத்துட்டு, கடைக்குப் போறேன்னு போயிட்டா. போகல, கதவுக்கு வெளியிலதான் நின்னுக்கிட்டு இருந்தா, வளையல் சத்தம் கேட்டது. நீ கேட்டதுக்குப் பதில் எழுதணும், அதுக்காகத்தான் மாட்டினேன். வேற ஒரு காரணமும் இல்ல, இதை வச்சு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காத.

முதல் நாள் வீட்டுக்குள்ளயே நடந்தேன். கட்டில்லேர்ந்து கதவு, கதவுலேர்ந்து கட்டில். சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான். இவ்வளவு நாள் பழகின சுவர், கைவிடல. ஆனா வீடு சின்னது, வலி சரியா ஒரு இடத்துல நிக்கிறதுக்குள்ள சுவர் வந்துடுது. இடம் தெரியணும்னா கொஞ்ச தூரம் நேரா நடக்கணும். மறுநாள் தெருவுல இறங்கினேன். தடியை ஊனிக்கிட்டு, மெதுவா. யாராவது ஓடி வந்து பிடிப்பாங்களோன்னு ஒரே பயம். தண்ணி கேன்காரன் வந்தான். நான் முறைச்சதைப் பார்த்துட்டு, அவன் பாட்டுக்கு வயித்தைத் தள்ளிக்கிட்டு உன் குண்டு மனுஷர் மாதிரி நடந்து போனான். சிரிப்பை அடக்கிக்கிட்டு நடந்ததுல ரெண்டு வீடு தாண்டினது தெரியல.

அதுக்கு மேல முடியல. மூடியிருந்த சைக்கிள் கடைப் படியில உக்கார்ந்துட்டேன். திரும்பிப் போகவும் முடியல. சாயங்கால நேரம், வெயில் இறங்கிக்கிட்டு இருந்தது. உக்கார்ந்தா பார்க்கணும்னு எழுதினியே, பார்த்தேன். அக்கா, இந்தத் தெருவுல நான் பிறந்ததுலேர்ந்து இருக்கேன், ஒருத்தர் நடையையும் நான் பார்த்ததில்ல. லாரி மேலேர்ந்து தலையைத்தான் பார்த்திருக்கேன். எதிர்வீட்டு டெய்லருக்கு வலது இடுப்பு ஏறுது. பால்காரரு குதிகாலை ஊனவே மாட்டேங்கிறாரு. என் பெண்டாட்டி கொஞ்ச நேரம் கழிச்சு என்னைத் தேடிக்கிட்டு வந்தா. அவ வேகமா வர்றப்போ ரெண்டு கையையும் வீசாம, தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி வர்றா. இது எனக்குத் தெரியாமப் போச்சே. பக்கத்துல வந்து உக்கார்ந்தா. எழுப்பட்டுமான்னு கேட்டா. இன்னும் கொஞ்ச நேரம்னு சொன்னேன். இருட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயேதான் இருந்தோம். அப்புறம் நானேதான் எழுந்தேன், அவ தோள்ல கை வச்சுக்கிட்டு.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். நீ நினைச்சது தப்பு. வெளிப்பக்க எலும்புல ஒண்ணும் இல்ல. அது உன் பூக்காரிக்கு. எனக்கு முன்பக்கம். எலும்பு முடியிற நுனியில, கொஞ்சம் உள்பக்கமா தள்ளி, ஒரு பட்டாணி அளவு இடம். நிக்கிறப்போ இல்ல, காலைப் பின்னால விட்டு அடுத்த எட்டு எடுக்கிறப்போதான் குத்துது. எழுத்துல சொன்னா உனக்குப் புரியாதுன்னு, பேனாவை எடுத்து அந்த இடத்துல குறி போட்டு வச்சிருக்கேன்.

தினமும் குளிச்சா அழிஞ்சு போகுது. தினமும் மாட்டி, நடந்து, வலிக்கிற இடத்தைத் தேடிப் பிடிச்சு மறுபடியும் போடுறேன். எவ்வளவு நாளைக்குத்தான் போட்டுக்கிட்டே இருக்கிறது. சீக்கிரம் வந்து சேர்.

தம்பி